ஆடிச்சுற்றில் தேய்ந்த பீலி

என் தங்கைக்கு வந்த முதல் வரன் என் உத்தியோகத்தால் தட்டிப்போயிற்று. இரண்டாவதும் அதே காரணத்தால் தட்டிப்போகும்போல இருக்கிறது, ஆடித்தபசுக் கொடியேற்றத்துக்குள் எப்படியாவது வந்து சேருங்கள் என்று வீட்டிலிருந்து தகவல் வந்தது. மேலதிகாரியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு பம்பாயில் ரயில் ஏறினேன். சென்னை வந்து, விருதுநகர் வந்து, தென்காசி வண்டி பிடித்து, சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியபோது சட்டையின் நிறமே மாறியிருந்தது. மலைப்பக்கத்துச் சாரல் காற்று முகத்தில் அடித்தது. அது பட்டதும் ஸ்டேஷனில் நின்றபடியே கோமதி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். "இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறேன் தாயே, வந்த காரியத்தை முடித்துக் கொடு" என்பதற்கு மேல் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

அப்படி என்ன உத்தியோகம் என்று கேட்பீர்கள். ஐம்பதுகளின் பின்பாதி அது. பம்பாய்க்கு வெளியே கடலோரத்தில் அணு உலை ஓடத் தொடங்கி, இன்னும் புதியவற்றுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். மில்லில் பிட்டர் வேலை பழகியிருந்ததால் அங்கே ஒரு பரிசோதனை ஷெட்டில் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஷெட்டில் நடந்தது ஒரே காரியம்தான். உலைக்குள் ஏறி இறங்குகிற தண்டுகள் உண்டு. அவற்றைத் தாங்கிப் பிடிக்கிற வளையங்கள் உண்டு. தண்ணீரை ஓயாமல் சுற்றிவிடுகிற பம்புகளும் அவற்றுக்குள் பேரிங்குகளும் உண்டு. வண்டி அச்சு கிறீச்சிட்டால் மசகு போடலாம், தேய்ந்துபோனால் கழற்றி மாற்றலாம். அங்கே எண்ணெய் ஒரு சொட்டு ஆகாது, தண்ணீருக்குள்ளேயே உரச வேண்டும். உலை ஓட ஆரம்பித்த பிறகு நினைத்தபோது கை விட்டுக் கழற்றவும் முடியாது. ஆகையால் எந்த உலோகம் எந்த உலோகத்தோடு உரசினால் எவ்வளவு தேயும், எத்தனை காலம் தாங்கும் என்பதை உள்ளே அனுப்புவதற்கு முன்பே வெளியில் வைத்துப் பார்த்துவிடுவார்கள்.

அதற்கு ஒரு எந்திரம். வட்டத் தட்டு ஒன்று வெந்நீருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் விரல்நுனி அளவு உலோகக் கட்டையை நிறுத்தி, அது தட்டை அழுத்தும்படி பாரம் தொங்கவிட்டிருப்பார்கள். தண்ணீரின் சூடு குறையாமல் பார்ப்பதும், தட்டு நிற்காமல் பார்ப்பதும், சொன்ன நேரத்தில் கட்டையைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து ஆபீசரிடம் கொடுப்பதும் என் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் அவர் எடை பார்ப்பார். மூச்சுக் காற்றுப் பட்டால்கூட ஆடும் தராசு அது. முன்னே இருந்த எடையில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு தேய்மானம். பிறகு மறுபடியும் மாட்டி ஓட்டுவோம். ஒவ்வொரு தடவை மோட்டாரைப் போடும்போதும் "சங்கரா, கோமதி" என்று சொல்லித்தான் போடுவேன். என் ஷெட்டில் அணுவும் கிடையாது, குண்டும் கிடையாது. வெந்நீரும் இரும்பும்தான்.

இதை ஊரில் யார் நம்புவது? வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வாசலில் நிற்கிறேன், பக்கத்து வீட்டு அண்ணாச்சி மெதுவாக வந்தார்.

"ஏ தம்பி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதே. அங்கன வேலை பாக்குதவனுக்கு இருட்டுல ஒடம்பு மினுங்குமாமே?"

"மினுங்குனா மண்ணெண்ணெய் மிச்சம்லா அண்ணாச்சி. ஒங்க வீட்டு முக்குல வந்து நிப்பேனே."

அவர் சிரித்தார். ஆனாலும் போகும்போது ஒரு தடவை திரும்பி, நான் நின்ற நிழல் பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

முதல் வரன்காரர்கள் வாசுதேவநல்லூர். "அணுகுண்டு செய்யிற வீட்டுச் சம்பந்தம் நமக்குத் தோதுப்படாது" என்று பாக்கு வெற்றிலையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கை அதற்காகப் பெரிதாக வருத்தப்படவில்லை. இரண்டாவது வரன் அப்படியல்ல. மாப்பிள்ளைக்கு ராயகிரி. கிணற்றுப் பாசனத்தில் மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். பையனைப் பங்குனியில் கோயிலில் வைத்துத் தங்கை பார்த்திருக்கிறாள், அவனும் பார்த்திருக்கிறான். சம்மதமா என்று என் மனைவி கேட்டதற்கு, மற்றப் பெண்களைப் போலத் தலையைக் குனிந்துகொள்ளாமல் "எனக்குச் சரிதான் மதினி" என்று நேராகச் சொன்னாளாம். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் அவரைத் தொடர்ந்து போய்விட்டாள். அவளுக்கு நான்தான் எல்லாம். என் பிழைப்பே அவள் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கிறது என்றால் சோறு இறங்குமா?

மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்குச் சுற்றி வளைத்து அத்தை முறை. வருஷா வருஷம் ஆடித்தபசுக்கு மாமாவோடு வந்து, வடக்கு ரத வீதியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஆடிச்சுற்றுச் சுற்றுவார். கொடியேறின பிறகு கோயிலைச் சுற்றி நடப்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். நாம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கால் நோவில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. நூற்றியொன்று என்று வேண்டிக்கொள்பவர்களும் உண்டு, ஆயிரத்தியொன்று என்பவர்களும் உண்டு. எண்ணிக்கை தப்பாமல் இருக்க முந்தானையில் புளியங்கொட்டையை முடிந்துகொண்டு நடப்பார்கள்.

கொடியேறின அன்று சாயங்காலம் நானும் மனைவியும் பழம் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போனோம். மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"வா மருமவனே. ஒன்னயப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் அத்தை.

"நல்லதாவா அத்தை?"

"நல்லதுன்னா நீ வந்த பெறவுல்லா பேசியிருப்போம்."

உட்கார்ந்தோம். அத்தை சுற்றி வளைக்கவில்லை.

"ஒளிக்காமச் சொல்லு. ஜப்பான்காரன் தலையில போட்டானே, அந்தக் குண்டா நீ செய்தது?"

"இல்ல அத்தை. நான் இரும்ப இரும்போட உரசுதேன்."

"உரசி?"

"எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்கோம்."

"தேஞ்ச பெறவு?"

"மறுபடியும் உரசுவோம்."

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்கா பம்பாய் வரைக்கும் போனே? நம்ம கமலைக் கெணத்து உருளைகிட்ட ஒக்காந்தா போதுமே. வருசத்துக்கு ஒண்ணு தேயுது" என்றார்.

"அதேதான் மாமா. அந்த உருளை எத்தன வருசம் தாங்கும்னு மாட்டுறதுக்கு முந்தியே தெரிஞ்சா நல்லதுல்லா? அதத்தான் பாக்கோம்."

மாமாவுக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை.

"குண்டு செய்யுதவன் குண்டு செய்யுதேன்னா சொல்லுவான்? எனக்கு இருக்கது ஒரே பையன். அணுக்காரன் வீட்டுல பொண்ணெடுத்து, நாளைக்கு அவ வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாவலன்னா ஊரு என்னயத்தான கேக்கும்?"

என் மனைவி பொறுக்கமாட்டாமல், "எனக்கு ரெண்டு இருக்கே அத்தை" என்றாள்.

"அது இவன் அங்கன போறதுக்கு முந்திப் பொறந்தது."

என் கண் தரையில் நின்றது. அங்கே அத்தையின் கால் இருந்தது. தாலியோடு போட்ட மெட்டியான மிஞ்சிக்கு அடுத்த விரலில் பழைய வெள்ளிப் பீலி போட்டிருந்தார். சின்ன வளையம்தான். மேலே பூ வேலை, பூவுக்கு நடுவே துளைகள், அடிப்பக்கம் மழுங்கிப்போயிருந்தது.

"அத்தை, நாளைக்கு நீங்க சுத்து ஆரம்பிக்கீங்க. கல்லுல நடக்க நடக்க இந்தப் பீலி தேயும். நீங்க சுத்துத மாதிரிதான் எங்க எந்திரமும் சுத்துது. நடக்குறதுக்கு முந்தி ஒரு தடவ தராசுல நிறுத்து, சுத்து முடிஞ்ச பெறவு ஒரு தடவ நிறுத்துப் பாத்தா, என் வேலை என்னன்னு ஒங்களுக்கே வெளங்கிரும்."

"வெள்ளி தேயுமா? நடந்தா காலுல்லா தேயும்."

"ரெண்டும் தேயும் அத்தை. காலு வளந்துக்கிடும்."

அத்தை பீலியை ஒரு நிமிஷம் பார்த்தார். அது அவருடைய மாமியார் போட்டுக் கொடுத்ததாம். "சரி, நிறுத்துத்தான் பாப்போம். மிஞ்சியக் கழட்ட மாட்டேன், இப்பமே சொல்லிட்டேன். பொண்ணு விசயத்துக்கு, சுத்து முடியட்டும். அம்மா என்ன சொல்லுதாளோ அதுதான்."

மறுநாள் காலையில் எல்லாரும் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் ஆசாரி கடைக்குப் போனோம். அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"பம்பாயில தராசே கெடையாதாவே? என் தராசத் தேடி இம்புட்டுத் தூரம் வந்திருக்கீரு" என்று கேட்டுக்கொண்டே பீலியை வாங்கினார். நான் அதைத் திரும்ப வாங்கி, தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, கொஞ்சம் காயவிட்டுக் கொடுத்தேன். "கல்யாணப் பொண்ண அலங்காரம் பண்ணுத மாதிரிலா பண்ணுதீரு" என்றார் ஆசாரி.

ஒரு தட்டில் பீலி, மறு தட்டில் குன்றிமணிகள். முள் நடுவுக்கு வந்ததும், அந்தக் குன்றிமணிகளை அப்படியே ஒரு துணியில் முடிந்து மாமாவிடம் கொடுத்துவிட்டேன். கணக்கெல்லாம் வேண்டாம், கடைசியில் இதே மணிகளை எதிரே வைத்துப் பார்த்தால் போதும். மாமா அதை மடியில் செருகி, மேலே ஒரு தடவை தட்டிவைத்தார். "சுத்து முடிஞ்சதும் எனக்குச் சொல்லி அனுப்புங்க அத்தை, நான் வந்து கழுவிக் குடுத்த பெறவுதான் நிறுக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னேன். அத்தை தலையாட்டிவிட்டு, அம்மன் பேரைச் சொல்லி முதல் அடியை எடுத்துவைத்தார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் குளிர்ந்துபோகிறது. வெயில் ஏறும்முன் ஊரே எழுந்து கோயிலைச் சுற்றும். சாரல் தூறினால் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றும். நானும் என்னால் ஆனதைச் சுற்றினேன். மேற்கே திரும்புகிற இடத்தில் அத்தையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "தேயுதா மருமவனே?" என்பார். "தேயுது அத்தை" என்பேன். கூட வரும் பெண்களுக்கு ஒன்றும் புரியாது. "என்ன தேயுது?" என்பார்கள். "இவன் மூளை" என்பார் அத்தை.

தங்கை என் மனைவியோடு அத்தைக்குப் பின்னாலேயே சுற்றினாள். ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, அத்தைக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சிருச்சு. வெந்நி வச்சி ஊத்துனேன். எங்கிட்ட நல்லாத்தான் பேசுதாக. என் கையப் பிடிச்சிக்கிட்டே ரெண்டு சுத்து வந்தாக. ஒன் வேலையப் பத்திப் பேச்சு வந்தாத்தான் மூஞ்சி சுருங்கிப் போவுது."

"நான் வேணும்னா வேலைய விட்டுட்டு இங்கனயே மில்லுக்கு வந்துரட்டுமாட்டி?"

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் உடனே. பிறகு குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, "அவுக வேண்டாம்னு சொல்லிட்டா அது வேற விசயம்" என்றாள். அவள் குரலில் இருந்ததை நான் கேட்டேன்.

தபசுக்கு முந்தின நாள் அத்தை சுற்றை முடிப்பதாகக் கணக்கு. சாயங்காலம் ஆகும் என்று நினைத்து வீட்டில் கிணற்றுக் கயிற்றைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். தெருவில் போன பூக்காரி வாசலில் நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க அத்தை காலு வெள்ளி வளந்திருச்சாமே?"

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். தங்கையை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மனைவியும் கூடவே வந்தாள்.

ஆசாரி கடை வாசலில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. யாரோ ஒருவர் வாசற்படியில் தேங்காய்கூட உடைத்துவிட்டார். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆசாரி தராசைத் தூக்கிப் பிடித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டில் மாமா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த அதே குன்றிமணிகள். மறு தட்டில் பீலி. பீலித் தட்டு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது.

சுற்று முன்கூட்டியே முடிந்துவிட்டதாம். அத்தை அந்தச் சந்தோஷத்தில் என்னை மறந்துவிட்டு, சந்நிதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு, நேரே கடைக்கு வந்து, கால் மண்ணோடு பீலியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டார்.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நீ தேயும்னே மருமவனே. அம்மா வளத்துக் குடுத்துட்டா. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டா. ஒன் தங்கச்சி எங்க வீட்டுக்குத்தான். நாளைக்கே பூ வைக்கேன். போதுமா?"

கூட்டத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பீலியைப் பார்த்தேன். பூ வேலைத் துளைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. சாரல் ஈரத்தில் மிதித்த மண்ணும், காலுக்குப் பூசிய மஞ்சளும், நோவுக்குத் தேய்த்த நல்லெண்ணெயும் சேர்ந்து உள்ளே கெட்டியாக அப்பியிருந்தன. எங்கள் ஷெட்டிலும் ஒரு தடவை இப்படி ஆயிற்று. தேய்ந்து குறைய வேண்டிய கட்டை எடை கூடி வந்தது. ஆபீசர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, எதிர்த் தட்டின் துகள்கள் அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். ஓடுகிற பொருள் ஒட்டியதையும் சேர்த்துத்தான் சுமக்கும் என்றார்.

என் மனைவிக்கு நான் பார்க்கிற பார்வையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. காதோரம் வந்து, "இப்ப மட்டும் வாயத் தொறந்தீங்க, நான் பிள்ளையளக் கூட்டிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பீலியை அத்தை ஒரு நாள் புளி போட்டுத் துலக்குவார். அன்றைக்குத் துளையெல்லாம் திறந்துகொள்ளும். "அம்மன் வளர்த்த வெள்ளி" மண்ணாகக் கீழே விழும்போது என் தங்கை அந்த வீட்டு அடுப்படியில் நிற்பாள். அவளை யார் எப்படிப் பார்ப்பார்கள்? அதைவிட, கோயில் வாசலில் நின்றுகொண்டு, அம்மன் சொல்லாத ஒன்றை அவள் சொன்னதாக நான் தலையாட்டினால், பிறகு எந்த முகத்தோடு சந்நிதிக்குப் போவேன்?

"அத்தை, கழுவிட்டு இன்னொரு தடவ நிறுப்போம்" என்றேன்.

தேங்காய் உடைத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி குடுத்ததக் கழுவுததாவே? நல்லாருக்கே ஒம்ம பம்பாய்ப் படிப்பு."

"என் தராசு பொய் சொல்லாது" என்றார் ஆசாரி.

"தராசு நெசந்தான் சொல்லுது ஆசாரியாரே. மண்ணையும் சேத்துச் சொல்லுது."

அத்தை என் கையை விட்டுவிட்டார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் குறைந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. என் மனைவி வாசற்படியில் இறங்கி, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமாதான் பேசினார்.

"கழுவுங்க ஆசாரியாரே. வெள்ளி நெசமாவே கூடியிருந்தாக் கழுவுனாப் போயிரவா போவுது?"

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, பூந்திக்கொட்டையை நசுக்கிப் போட்டார். அது ஊறி நுரை வருகிற வரைக்கும் எல்லாரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றியது. "தாயே, நான் செய்தது உனக்குச் சரிதான் என்றால் இந்தப் பெண்ணைக் கைவிட்டுவிடாதே" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆசாரி பீலியை உள்ளே போட்டுப் பன்றிமயிர் பிரஷால் தேய்த்தார். தண்ணீர் செம்மண் நிறமாயிற்று. ஒவ்வொரு துளையாகத் திறந்துகொண்டது. துடைத்து, அனலில் காட்டிக் காயவைத்து, தட்டில் வைத்தார்.

பீலித் தட்டு மெல்ல மேலே போயிற்று. குன்றிமணித் தட்டைவிட ஒரு மயிரிழை உயரத்தில் போய் நின்றது. ஆசாரி ஒரு குன்றிமணியை எடுத்துப் பார்த்தார், பீலி கீழே இறங்கிற்று. திரும்ப வைத்தார், மேலே ஏறிற்று. ஒரு மணியளவுகூட இல்லாத தேய்மானம். ஆனாலும் தேய்மானம்தான்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. தேங்காய்க்காரர் குனிந்து தன் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, "கொஞ்சம் அவசரப்பட்டுட்டம்போல" என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன், மெல்லவில்லை.

அத்தை தராசைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கேட்டார்.

"தேஞ்ச வெள்ளி எங்கனதான் போச்சு?"

இப்படி ஒரு கேள்வியை எங்கள் ஷெட்டில் தினமும் கேட்போம். பதிலும் எனக்குத் தெரியும்.

"எங்கயும் போவல அத்தை. நீங்க நடந்த கல்லுலதான் ஒட்டியிருக்கு. கோயிலச் சுத்தி முச்சூடும் கொஞ்சம் கொஞ்சமா கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"கோயிலச் சுத்தியா?"

"நீங்க காலு வச்ச எடமெல்லாம்."

அத்தை கடை வாசல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்தார். ஒரு கணம் உதடு அசைந்தது. பிறகு மாமாவைப் பார்த்து, "கேட்டீகளா? நான் உண்டியல்ல போடாமலே அவ எடுத்துக்கிட்டா. எங்க மாமியா வெள்ளிய, என் காலு வழியாவே வாங்கிக்கிட்டா" என்றார். சொல்லச் சொல்ல முகம் மறுபடியும் மலர்ந்தது. முன்னே இருந்ததைவிட அதிகமாகவே மலர்ந்தது. கிண்ணத்துச் செம்மண் தண்ணீரில் விரலை நனைத்து, "இதுவும் அவ மண்ணுதான்" என்று தன் நெற்றியிலும் மாமா நெற்றியிலும் தொட்டுவைத்தார். ஆசாரி, "பூந்திக்கொட்டைத் தண்ணி மதினி, கண்ணுல பட்டுராம" என்றார்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். பெண் விஷயத்தை நானாகக் கேட்க வாய் வரவில்லை. வாசற்படியிலிருந்து என் மனைவி கேட்டுவிட்டாள்.

"அத்தை, அப்பம் பூ?"

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன் குண்டு செய்ய மாட்டான்" என்றார் மாமாவிடம், நான் அங்கே இல்லாதது போல. "குண்டு செய்யுதவனுக்குப் பொய்யின்னா இவ்வளவு பயமா இருக்கும்? தன் தங்கச்சிக்கு வந்த நல்ல வார்த்தையவே கழுவிட்டு நிறுக்கான். நாளைக்கு வச்சிரலாம். ஆனா ஒண்ணு, கல்யாணம் முடியுத வரைக்கும் இவன் என் பீலியத் தொடப்படாது."

வீட்டுக்கு வந்தபோது எங்களுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. முழுச் செய்தியும். தங்கை எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். கருப்பட்டி இல்லை.

"அத்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்றாள்.

"தெரியல."

"என்னய நெனச்சியா, நெனைக்கலையா?"

"நெனச்சேன். பூந்திக்கொட்டை ஊறுத நேரமெல்லாம் ஒன்னயத்தான் நெனச்சேன்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கருப்பட்டி போட்டு ஆற்றிக் கொண்டுவந்தாள். அளவு கொஞ்சம் அதிகம்தான். நான் சொல்லவில்லை.

மறுநாள் தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். அம்மன் மேல் பருத்தியும் மிளகாயும் எறிந்து கும்பிட்டு, சுவாமி அவளுக்குக் காட்சி கொடுத்ததைக் கண்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தோம். சொன்னபடி அத்தையும் மாமாவும் பழத்தட்டோடு வந்தார்கள். தங்கையைப் பாயில் உட்காரவைத்தோம். அத்தை பூச்சரத்தைக் கையில் எடுத்தார். அப்போது மாமா என் பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பூவையும் கழுவிட்டுத்தான் வைக்கணுமா மருமவனே?" என்றார்.

குனிந்திருந்த தங்கையின் தோள் குலுங்கியது. பெண் அழுகிறாளோ என்று அத்தை பதறி, அவள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பூவை வைத்தார்.